பழைய காரின் வாடைக்கு வயதைக் குற்றம் சொல்லாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவரிடம், "உள்ளே ஒரு மாதிரி வாடை அடிக்கிறதே" என்று கேட்டுப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் கவடியாரில் கேட்டாலும் சரி, கரமனையில் கேட்டாலும் சரி, வருகிற பதில் ஒன்றுதான்: "நாற்பது அம்பது வருஷத்து வண்டி, அப்படித்தான் இருக்கும்." கொஞ்சம் ரசனையோடு பேசுகிறவராக இருந்தால், "அதுதானே பழைய வண்டியோட மணம்" என்பார். மூன்றாமவர் வானத்தைக் காட்டுவார்: "இந்த ஊர் மழைக்கு வீட்டுச் சுவரே பூக்குது, கார் பூக்காதா?" அப்புறம் டாஷ்போர்டில் ஒரு வாசனைப் புட்டி, சீட்டுக்கு அடியில் நாலு நாப்தலின் உருண்டை. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மூன்று பதிலுமே தவறு. ஓடுகிற நிலையில் இருக்கும் எத்தனையோ நல்ல வண்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்புவது இந்தப் பதில்கள்தான். வாடைக்கு வயதுதான் காரணம் என்று நம்பிவிட்டவர் வேறு காரணத்தைத் தேட மாட்டார். அவர் தேடாத வரையில் வண்டிக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்கிய தண்ணீர் தகரத்தை அரிக்கும். என் வாதம் இவ்வளவுதான்: பூசண வாடை அடிக்கிற வண்டிக்குள் எங்கோ தண்ணீர் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து நிறுத்த முடியும்.

முதலில் அந்த 'மணம்' என்ற பேச்சைப் பார்ப்போம். அம்பாசடரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை வங்காளத்து உத்தர்பாராவில் தயாரித்தது. பிரீமியர் பத்மினி பம்பாய் குர்லாவிலிருந்து வந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் சென்னையில் தயாரானது. இவற்றில் ஒன்றாவது புதிதாக வீட்டு வாசலில் வந்து நின்ற நாளில் பூசணம் நாறியிருக்குமா? புது அம்பாசடருக்குள் அடித்தது ரெக்சின் வாடை, ரப்பர் பாயின் வாடை, கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் ஆயில். தாத்தாவின் மடியில் உட்கார்ந்து கன்னியாகுமரிக்குப் போன ஞாபகத்தில் தங்கியிருப்பது அந்த வாடைகள்தான். அவற்றை நானும் விரும்புகிறேன். பூசண வாடை பின்னால் வந்து ஏறிக்கொண்டது. அது வண்டியிலிருக்கும் பொருள்களின் வாடையல்ல, அந்தப் பொருள்களைத் தின்று வளர்கிற பூஞ்சையின் வாடை. காளானுக்கு அந்த மண்வாடையைத் தருகிற அதே ஆக்டெனால் வகைச் சேர்மத்தைத்தான் கார் சீட்டில் வளர்கிற பூஞ்சையும் வெளியேற்றுகிறது. அதைப் பழமையின் மணம் என்று கொண்டாடுவது அந்தப் பழைய காருக்கே செய்கிற துரோகம்.

பூஞ்சை வளர மூன்று வேண்டும்: வித்து, தீனி, ஈரம். வித்து காற்றில் எங்கும் மிதக்கிறது, அதைத் தடுக்க யாராலும் முடியாது. தீனிக்கும் அந்தக் காலத்துக் கார்களில் பஞ்சமில்லை. தரையில் சணல் ஃபெல்ட், கதவுகளில் ஹார்டுபோர்டு அட்டை, சீட்டுக்குள் பஞ்சும் தேங்காய் நாரும், கூரையில் துணி. எல்லாமே செடிகொடியிலிருந்து வந்தவை, எல்லாமே பூஞ்சைக்கு ருசிக்கும். மிச்சமிருப்பது ஈரம் ஒன்றுதான். நம் கைக்கு எட்டுவதும் அது ஒன்றுதான். நனைந்த துணியையும் அட்டையையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் பிடிப்பதில்லை. ஒரு வண்டி வருஷக்கணக்கில் நாறுகிறது என்றால், அது வருஷக்கணக்கில் உலரவே இல்லை என்று பொருள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கதவிலிருந்து ஆரம்பிக்கலாம். மழை பெய்யும்போது கண்ணாடியில் வழிகிற தண்ணீரில் ஒரு பங்கு கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். வண்டியைச் செய்தவர்களுக்கு அது தெரியும். அதற்காகவே கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள், உள்ளே வந்த தண்ணீர் அந்த வழியாகத் தெருவுக்குப் போய்விட வேண்டும். கதவுத் தகரத்துக்கும் டோர் பேடுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒட்டியிருப்பார்கள். முதன்முறை கண்ணாடி ஏற்றும் மெஷின் பழுதாகி யாராவது டோர் பேடைக் கழற்றியபோதே அந்தத் தாள் கிழிந்து குப்பைக்குப் போயிருக்கும். திரும்ப ஒட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அடியிலிருக்கும் ஓட்டைகளைத் தூசியும் சேறும் அடைத்துவிடும். போதாததற்கு, பெயின்ட் அடிக்கும்போது பட்டி பூசியே மூடிவிடுகிறவர்களும் உண்டு.

அப்படி ஒரு அம்பாசடர் கதவை ஒரு சீட் கடையில் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளிப்பக்கம் ரெக்சின் பளபளவென்று இருந்தது. பின்பக்கத்து ஹார்டுபோர்டு அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஊதி, பிஸ்கட் போல ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. அதன் மேல் கறுப்புப் புள்ளிகள், புள்ளிகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம். கதவின் அடிக்குழியில் விரலை விட்டபோது கொழகொழவென்று சேறு வந்தது. மழை நின்று பல நாள் ஆகியிருந்தும் அந்தச் சேறு ஈரமாகவே இருந்தது. கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். "சாரே, வாடை சீட்டுல இல்ல பாத்துக்கிடுங்க, கதவுல கிடக்கு. இத விட்டுட்டு சீட்டுக்குப் புது உறை தச்சு என்ன பிரயோசனம்?" என்றார். ஸ்க்ரூடிரைவரால் அந்த ஓட்டையைக் குத்தியதும் அரை டம்ளர் அளவுக்குச் செம்மண் நிறத் தண்ணீர் தரையில் ஒழுகியது. அந்தக் காரின் சொந்தக்காரர் அதுவரை வாங்கிய வாசனைப் புட்டிகளில் ஒன்றாவது அந்தத் தண்ணீரைத் தொட்டிருக்காது.

கதவைப் போலவே இன்னும் வழிகள் உண்டு. முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் இறுகி வெடித்திருக்கும். தண்ணீர் அதன் மூலைகளில் புகுந்து டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, கால் வைக்கும் இடத்துக்கு வரும். வைப்பர் தண்டு வெளியே வரும் இடத்து வாஷர், டிக்கி ரப்பர், பின்விளக்கின் அடி கேஸ்கெட், தரைத் தகரத்தின் ரப்பர் மூடிகள் என்று எல்லாமே வயதானால் சுருங்கும். ஹெரால்டின் பாடியே பல துண்டுகளை போல்ட் போட்டு இணைத்தது, ஒவ்வொரு இணைப்பும் ஒரு வாசல்தான். பிற்காலத்தில் ஏ.சி. மாட்டிய அம்பாசடர், பத்மினிகளில் இன்னொன்றும் சேரும். ஏ.சி. பெட்டியில் சொட்டும் தண்ணீரை வெளியே விடுகிற குழாய் அடைத்துக்கொண்டால், அந்தத் தண்ணீர் முழுக்கக் கார்ப்பெட்டுக்கு அடியில் போகும். மழையே இல்லாத மாசி மாதத்திலும் வண்டி நாறுகிறது என்று சொல்கிறவர்கள் முதலில் அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும்.

'வயசானால் ரப்பர் போகும்தானே, அப்போது வயசுதானே காரணம்?' என்று இங்கே ஒருவர் மடக்கலாம். ரப்பர் போவது வயதால்தான், மறுக்கவில்லை. ஆனால் ரப்பர் மாற்றக்கூடிய பொருள். டயர் தேய்ந்தால் 'வயசாச்சு' என்று வெறும் ரிம்மில் ஓட்டுகிறோமா? இந்த வண்டிகளின் பீடிங் இன்றைக்கும் கிடைக்கிறது. கிடைக்காத வகைக்கு, குறுக்குவெட்டு ஒத்துப்போகும் ரப்பரை மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிப் பொருத்துகிற கைகள் நம் ஊர்களில் இருக்கின்றன.

இனி அந்த மழைக் கதை. கேரளத்தில் திருவனந்தபுரத்துக்கு இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாவருஷம் என்ற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் மாதம் தொடங்கினால் டிசம்பர் முதல் வாரம் வரை வானத்தை நம்ப முடியாது. காற்றின் ஈரப்பதம் காலை வேளைகளில் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இதே ஈரத்தில்தான் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடி நூலகம் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த டி. கணபதி சாஸ்திரி, பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரை மடத்தில் சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் நாடகச் சுவடிகளைக் கண்டெடுத்து 1912 முதல் திருவனந்தபுரத்தில் அச்சேற்றினார். சுவடி எழுதி முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும் என்பது அவர் கணிப்பு. பனையோலை முந்நூறு மழைக்காலத்தைத் தாண்டி நின்ற மண்ணில், தகரத்தால் மூடிய காருக்கு நாற்பது மழைக்காலத்தைத் தாண்ட முடியாதா? திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் பென்ஸ் 180-உம், 'சி.ஏ.என். 42' என்ற பதிவெண் கொண்டது, இதே ஊரில் அரை நூற்றாண்டுக்கு மேல் அவரோடு இருந்தது. கவனிப்பு இருந்த இடத்தில் பொருள் நின்றிருக்கிறது.

காற்றிலுள்ள ஈரத்தையும் உள்ளே புகுந்த தண்ணீரையும் ஒன்றாகக் குழப்புவதுதான் இந்த மழைக் கதையின் அடிப்படைப் பிழை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். காரின் உள்ளிடம் மூன்று கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 72 கிராம், அரை டம்ளருக்கும் குறைவு. நனைந்த சணல் ஃபெல்ட்டோ லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றை உலர்த்துவதாக நினைத்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தொங்கவிடுகிறவர் அந்த அரை டம்ளரோடு போராடுகிறார். காலடியில் கிடக்கும் வாளித் தண்ணீரை அவர் பார்க்கவே இல்லை.

ஊர்க்காற்று நிஜமாகவே குற்றவாளியாகிற இடம் ஒன்று உண்டு, அது கடற்கரை. சங்குமுகத்துக்குப் போய் அலையில் கால் நனைத்துவிட்டு, ஈர மணலோடு வண்டியில் ஏறுகிறோம். மணலை மறுநாள் தட்டிவிடுவோம், உப்பு ஃபெல்ட்டில் தங்கிவிடும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். இந்த ஊரில் அது அன்றாட நிலை. அப்படிப்பட்ட ஃபெல்ட் ஒரு சொட்டு மழை படாமலே நனைந்து கிடக்கும். வெயிலில் போட்டால் காயும், இரவில் மறுபடி நனையும். இதற்கும் வழி இருக்கிறது: நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கிவிட்டு உலர்த்த வேண்டும். உப்புப் போகாமல் வாடை போகாது.

வாசனைப் புட்டிக்காரர்களிடம் எனக்குக் கோபமே உண்டு. காப்பித்தூள் கிண்ணம் வைப்பார்கள், ஈரத்தில் அந்தக் காப்பித்தூளே பூத்துவிடும். நாப்தலின் உருண்டை போடுவார்கள். பூட்டிய கார் வெயிலில் காயும்போது அது ஆவியாகி உள்ளே நிறைந்துவிடும். நாப்தலினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள பச்சைக் குழந்தைகளுக்கு அந்த ஆவி இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். துணிப்பெட்டியில் பூச்சிக்குப் போட்ட பொருளைக் குழந்தை உட்காருகிற சீட்டுக்கு அடியில் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. இப்போது புதிதாக ஓசோன் மெஷின் வந்திருக்கிறது. அரை மணி நேரம் ஓடவிட்டால் வாடை மாயமாகும் என்கிறார்கள். ஓசோன் இயற்கை ரப்பரை வெடிக்கச் செய்யும், இது ரப்பர்த் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வயதாகி இறுகிய பீடிங் இருக்கிற வண்டிக்குள் அதை ஓடவிட்டால், தண்ணீர் புகும் வழியை நாமே அகலப்படுத்துகிறோம். ஃபெல்ட்டின் அடியில் நனைந்து கிடப்பதை அது தொடுவதுமில்லை. இரண்டு வாரத்தில் வாடை திரும்பி வரும்.

வாடையை மூடி மறைப்பதில் இன்னொரு கேடும் இருக்கிறது. அம்பாசடரும் ஃபியட் 1100 வழிவந்த பத்மினியும் தனிச் சேசிஸ் இல்லாத வண்டிகள். தரைத் தகரமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற ஓரங்களும் சேர்ந்துதான் வண்டியின் எடையைச் சுமக்கின்றன. நனைந்த ஃபெல்ட் வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடப்பது அந்தத் தகரத்தின் மேல்தான். கதவு தொங்க ஆரம்பிக்கும்போதும், ஜாக்கி போட்டால் ஓரம் நசுங்கும்போதும்தான் பலருக்கு விஷயம் தெரிகிறது. அதற்குப் பல வருஷம் முன்னாலேயே வாடை எச்சரித்திருக்கும். அந்த எச்சரிக்கையை மல்லிகை வாசனை போட்டு மூடியாகிவிட்டது.

வண்டி விற்பனையிலும் இதே கதைதான். 2015 டிசம்பரில் சென்னையும் 2018 ஆகஸ்டில் கேரளமும் மூழ்கின. தண்ணீரில் கிடந்த வண்டி ஒன்று கைமாறும்போது மூக்கைப் போல அதைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. பழைய கார் என்றால் வாடை இருக்கும் என்று வாங்குகிறவரே நம்பிவிட்டால், அந்தக் கடைசிச் சோதனையும் கையைவிட்டுப் போகிறது.

உடல்நலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் ஆஸ்துமாவும் மூச்சுக்கோளாறுகளும் கூடுவதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எடுத்துரைத்திருக்கிறது. கார் அதைவிடச் சின்ன அறை, கண்ணாடியை ஏற்றிவிட்டால் காற்றுப் போக்கும் கிடையாது.

எதிர்த்தரப்பில் மதிக்கத்தக்க வாதம் ஒன்றுதான். "உள்ளே இருப்பதெல்லாம் ஒரிஜினல். கையை வைத்தால் மதிப்புப் போய்விடும்." பழைய பொருள் மீது அக்கறை உள்ளவர்கள் சொல்வது இது, அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரிஜினலாகக் காக்க வேண்டியது எது? கண்ணுக்குத் தெரிகிற ரெக்சின், தையல், பிடிகள், மீட்டர்கள், கூரைத்துணியின் நிறம். சீட்டின் அடிக்கம்பியில் கவ்வியிருக்கும் வளையங்களைக் கழற்றினால் உறை சேதமில்லாமல் உருவி வந்துவிடும். உள்ளே மக்கிய நாரையும் பஞ்சையும் மாற்றிவிட்டு அதே உறையைத் திரும்ப மாட்டலாம். ஹார்டுபோர்டைப் புதிதாக வெட்டி, பழைய ரெக்சினை அதன் மேலேயே ஒட்டலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் விதியே 50 ஆண்டு தாண்டிய வண்டியில் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்றுதான் சொல்கிறது. மக்கிப்போன சணலைக் காப்பாற்றச் சொல்லவில்லை. அந்தச் சணலை விட்டுவைத்தால் உண்மையிலேயே ஒரிஜினலான தரைத் தகரம்தான் போகும்.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். துலாவருஷம் ஓய்ந்து ஜனவரி, பிப்ரவரியில் இந்த ஊருக்கு வறண்ட காற்று வரும், அந்த இரண்டு மாதத்தை வீணாக்காதீர்கள். சீட்டுகளைக் கழற்றி வெளியே வையுங்கள். ரப்பர் பாயைச் சுருட்டி, ஃபெல்ட்டை முழுதாகத் தூக்கி, அடியில் தகரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தரையெங்கும் பழைய செய்தித்தாளை விரித்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து, வெளியிலிருந்து ஹோஸால் தண்ணீர் அடியுங்கள். கீழிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள், தாள் எங்கே நனைகிறதோ அங்கேதான் வழி. கதவடி ஓட்டைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டுங்கள். போர்ட்டிகோவில் நிற்கும் வண்டிக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை போடவே போடாதீர்கள், கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வையுங்கள். வாரத்துக்கு ஒருநாளாவது ஓட்டுங்கள். இத்தனையும் செய்த பிறகும் வாடை அடித்தால், இன்னும் ஒரு ஓட்டையை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. அதைத் தேடுங்கள்.